வெட்டாத சிவப்பு வயர்

வெர்லின் ஸ்டோல்ட்ஸுக்கும் அவர் மனைவி ஆர்டித்துக்கும் உடம்பில் நாடித் துடிப்பு கிடையாது. அது கெட்டில் ரன் ஊருக்கு மேலே, லூத்தரன் தேவாலயக் கோபுரத்தின் சிலுவை உயரத்தில், இரண்டு மோட்டார் வைத்த ஒரு தெர்மோகோல் அட்டை விமானத்தில் இடப்பக்கமாக வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மணிக்கட்டைப் பிடித்துப் பயனில்லை, அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஓஹியோ மாநிலத்தில் சோயாவையும் மக்காச்சோளத்தையும் தவிர வேறெதற்கும் பெயர் வாங்காத ஊர் அது. பெட்ரோல் போட நிற்கிற வெளியூர்க்காரர்கள் மேலே கேட்கும் ரீங்காரத்தைப் பற்றி விசாரித்தால், "அதுவா, ஸ்டோல்ட்ஸ் வீட்டுக்காரங்க" என்று சொல்லிவிட்டு பங்க் ஆள் கார்க் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவான்.

இது ஒரு சண்டையில் ஆரம்பித்தது. வெர்லின் கண்ணாடிப் புட்டி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆண்கள் அந்த ஊரில் ஏரியில் மீன் பிடிப்பார்கள், அல்லது வீட்டிலிருந்து மனைவியின் உயிரை வாங்குவார்கள். வெர்லின் அடித்தள அறையில் உட்கார்ந்து ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்கள் கட்டினார். டாலர் கடையில் பள்ளிப் பிள்ளைகள் படம் ஒட்ட வாங்குகிற அட்டைதான் அவருக்கு மரமும் தகரமும்: நடுவில் தெர்மோகோல், இரண்டு பக்கமும் காகிதம். ஒரு பக்கத்துக் காகிதத்தை மட்டும் கத்தியால் கீறி, மடித்து, மடிப்புக்குள் சூடான பசையை ஓடவிட்டு, ஆறும்வரை பிடித்துக்கொண்டால் அது இறக்கை. கறி சுடும் மூங்கில் குச்சியைக் குறுக்கே செருகி, ரப்பர் பேண்டு போட்டு உடம்போடு கட்டினால் விமானம். ஆர்டித் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனிக்காலத்து மாலைகளில் அதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து வயர்களைப் பற்றவைப்பாள். எத்தனையோ வருஷம் நாற்பது பிள்ளைகளின் கூச்சலை முதுகில் சுமந்து வண்டி ஓட்டியவள் என்பதால் அவளுக்குக் கை நடுங்காது. அந்தக் குளிர்காலம் இரட்டை மோட்டார் விமானம் ஒன்று பாதி முடிந்திருந்தபோது, வெர்லின் நெஞ்சு அடைக்கிறது என்று டாக்டரிடம் வாங்கிய நேரத்தில் அவரிடம் போகாமல், கடைக்குப் போய் மோட்டார் வாங்கி வந்தது ஆர்டித்துக்குத் தெரிந்துவிட்டது.

"நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னது யாரு, நானா?" என்றாள்.

"குளிர் காலத்துல எல்லாருக்கும்தான் அடைக்கும்."

"எல்லாருக்கும் அடைக்கும். உனக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் அடைக்கும். இன்னிக்கு மோட்டார் கடைப் படி ஏறினப்ப அடைக்கலியோ?"

அதோடு பேச்சு நின்றது. ஆனால் புத்தாண்டன்று பறக்கவிட வேண்டிய விமானம் காத்திருக்காது. ஆகவே வலது இறக்கையை அவர் கட்டினார், இடது இறக்கையை அவள் கட்டினாள். வலது மோட்டார் அவருடையது, இடது மோட்டார் அவளுடையது. மற்றவர்கள் இரண்டு மோட்டாருக்கும் ஒரே பேட்டரி வைப்பார்கள். பேசிக்கொள்ளாதவர்கள் ஒரு பேட்டரியைப் பொதுவில் வைத்துக்கொள்ள முடியுமா? ஆளுக்கொன்று வைத்தார்கள். இப்படிக் கட்டுகிற எல்லோருக்கும் ஒரு விதி உண்டு. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று மெல்லிய வயர்கள் விமானத்தின் நடுவில் இருந்து ரிமோட்டின் சொல்லைக் கேட்கும் ரிசீவருக்கு வரும். நடுவிலுள்ள சிவப்பு வயர்தான் ரிசீவருக்கு உணவு. மோட்டார் இரண்டு, பெட்டி இரண்டு, ஆகவே சிவப்பு வயரும் இரண்டு. இரண்டு பேர் ஒரே வாயில் ஊட்டினால் எப்படியோ அப்படித்தான், ரிசீவருக்குப் புத்தி கெட்டுப் போகும். எனவே ஒரு சிவப்பு வயரை வெட்டிவிட வேண்டும். இதை மறக்காதவர்கள் அந்த ஊரிலேயே வெர்லினும் ஆர்டித்தும்தான். ஆனால் அந்த வாரம், அவள் பக்கத்தில் வெட்டியிருப்பாள் என்று அவரும், அவர் பக்கத்தில் வெட்டியிருப்பார் என்று அவளும் இருந்துவிட்டார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்பதா, அவரா, அவளா!

புத்தாண்டுக் காலையில், பனியில் எவ்வளவு கால் புதைந்தாலும், ஊர் விமானச் சங்கத்தார் அறுவடை முடிந்த சோயா வயலில் கூடி முதல் பறப்பை நடத்துவார்கள். பெரிய பானையில் பன்றிக்கறியும் புளித்த கோஸும் கொதித்துக்கொண்டிருக்கும். அன்று அதைச் சாப்பிட்டால்தான் வருஷம் நன்றாயிருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. குளிரில் பேட்டரி சோம்பிப் போகும். அதனால் பறக்கவிடும்வரை எல்லோரும் பேட்டரியைக் கோட்டுக்குள், சட்டைக்குள், மார்போடு ஒட்டி வைத்துச் சூடேற்றுவார்கள். அந்த வயலில் நின்ற ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும் அன்று நெஞ்சில் ஒரு புடைப்பு இருந்தது. வெர்லின் தன் பேட்டரியை இடது மார்பில் வைத்திருந்தார். ஆர்டித்தும் அப்படியே. நெஞ்சு அடைக்கிற மனுஷன் நெஞ்சிலேயே குளிர்ந்த பேட்டரியை வைத்திருக்கிறாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் பதறியது. பேசக் கூடாது என்பதால் பேசவில்லை.

சங்கத்தின் பாதுகாப்புப் பொறுப்பு டெல்மர் கிராஃபிடம். பெட்ரோல் பங்க் அவருடையதுதான். பறப்பதற்கு முன் ஒவ்வொரு விமானத்தையும் புரட்டிப் பார்த்து, பல் விளக்கினாயா என்று பிள்ளைகளைக் கேட்பதுபோல் கேட்பார்.

"சிவப்பு வயரு?"

"ஆச்சு" என்றார் வெர்லின்.

"ஆச்சு" என்றாள் ஆர்டித்.

"அடேங்கப்பா, ரெண்டு பேரும் ஒரே வார்த்த பேசிட்டீங்க. இந்த வருஷம் நல்ல வருஷம்தான்" என்று டெல்மர் சிரித்தார்.

இருவரும் சட்டைக்குள்ளிருந்து பேட்டரியை எடுத்துச் சொருகினார்கள். ஆர்டித் விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்து இரண்டு அடி ஓடி எறிந்தாள். அது நன்றாகத்தான் ஏறியது. ஏறிய பிறகு வெர்லின் கையிலிருந்த ரிமோட்டை அது மதிக்கவில்லை. குச்சியை இடதுக்குத் தள்ளினார், வலதுக்குத் தள்ளினார், வேகத்தை முழுக்கக் குறைத்தார். இறக்கையின் மடிப்பில் எங்கோ ஒரு சின்ன வளைவு இருந்ததால் அது தானாக இடப்பக்கம் வட்டமடித்தது, இரண்டு கோபுர உயரத்தில், நிதானமாக. டெல்மர் முகம் சிவந்தது. "ரெண்டையும் வெட்டாம விட்டுட்டு ஆச்சு ஆச்சுன்னு ஆளுக்கு ஒரு பொய்யா? உங்க சண்டைய வீட்டோட வச்சுக்கக் கூடாதா? பேட்டரி தீந்ததும் எவன் கார் மேல விழப்போவுதோ!" பேட்டரி எட்டு நிமிஷத்துக்கு மேல் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பன்றிக்கறியை வாங்கிக்கொண்டு அண்ணாந்தபடி நின்றார்கள். சாப்பிட்டு முடித்தார்கள். பானையைக் கழுவினார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும்போதும் அது சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாளும் சுற்றியது. அந்த வாரம் முழுவதும் சுற்றியது.

அடுத்த வாரம் ஆர்டித் வெர்லினை டாக்டரிடம் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தைத் தொட்டாள், கருவியை மாற்றினாள், பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் ஹாலவே வெர்லினின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. தன் குழாயில்தான் கோளாறு என்று நினைத்து, பக்கத்திலிருந்த ஆர்டித்தின் மார்பில் வைத்துப் பார்த்தார். அங்கும் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்லின் இருமினார். ஜன்னலுக்கு வெளியே, மேலே, ரீங்காரம் ஒரு கணம் தடுமாறி மீண்டும் ஒழுங்கானது. டாக்டர் ஜன்னலைத் திறந்தார். "இன்னொரு தடவ இருமுங்க" என்றார். வெர்லின் இருமினார். வலது மோட்டார் இருமியது. ஆர்டித்தை இருமச் சொன்னார். இடது மோட்டார் இருமியது. குளிர்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது, யாரும் ஜன்னலை மூடவில்லை. கடைசியில் டாக்டர், வலது மோட்டார் கொஞ்சம் பலவீனம்தான் என்றும், உப்பைக் குறைக்க வேண்டும் என்றும், மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது என்றும் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மார்பில் சூடேற்றிய பேட்டரியோடு நாடியும் மேலே போய்விட்டது என்று புரிந்த அன்று ஆர்டித்துக்கு வந்த பயம் பிறகு போகவே இல்லை. அவளுக்குத்தான் தெரியும், அந்த விமானம் எதனால் செய்தது என்று. வெயிலில் இளகிவிடும் பசை. மழையில் உரிந்துவிடும் காகிதம். ஒரு வாத்து மோதினால் போதும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டெல்மர்தான் பங்க்கில் வைத்து எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். இரட்டை மோட்டாரில் ஒன்று நின்றால் விமானம் நின்ற பக்கமாகச் சாய்ந்து, ஓடுகிற மோட்டாரே அதைச் சுழற்றிச் சுழற்றித் தரையில் குத்தவைக்கும். அதாவது வெர்லின் போனால், ஆர்டித்தும் போனாள். ஆர்டித் போனாலும் கதை அதேதான். "கல்யாணத்துல சாவு பிரிக்கிற வரைக்கும்னு சொன்னீங்க, இப்ப அந்த வசதியும் போச்சு" என்று டெல்மர் தமாஷாகச் சொன்னார். யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

வசந்தத்தில் முதல் பெருமழை வந்தது. பேய்மழை. ஆர்டித் சமையலறை ஜன்னலில் முகத்தை ஒட்டி நின்று காது கொடுத்தாள். மழைச் சத்தத்தில் மோட்டார் சத்தம் கேட்காததால் தன் மார்பைத் தொட்டுப் பார்த்தாள், அங்கேயும் ஒன்றும் இல்லாததால் இன்னும் பயந்தாள். மழை விட்டபோது விமானம் இருந்தது. ஆனால் அதன் காகிதம் நீள நீளமாக உரிந்து ஊரெங்கும் விழுந்திருந்தது. அக்கம்பக்கத்தார் தங்கள் புல்வெளியில் கிடந்த துண்டுகளை எடுத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, ஸ்டோல்ட்ஸ் வீட்டு வாசலில் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வைத்தார்கள். துண்டுகளில் வெர்லினின் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு துண்டில் மட்டும், மடிப்புக்குள் மறைந்துபோகும் இடத்தில், ஆர்டித்தின் எழுத்தில் "பிடிவாதக் கழுதை" என்று இருந்தது. வெர்லின் அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர்கள் சண்டை போடவில்லை. போட முடியவும் இல்லை.

சண்டை போட்டால் இரண்டு மோட்டாரும் உறுமி விமானம் மேகம் வரை ஏறிவிடும். ஒருவருக்கு மட்டும் கோபம் வந்தால் அதைவிட மோசம், சாய்ந்துவிடும். ஆகவே இருவரும் ஒன்றாக நடந்தார்கள், ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவர் மாடிப்படி ஏறினால் அவளும் கூடவே ஏறினாள். தொலைக்காட்சியில் கால்பந்து பார்ப்பதை அவர் விட்டார். ஆர்டித்தின் பேருந்தில் பிள்ளைகள் கத்தினால் இடது மோட்டார் கூவும் என்று தெரிந்துபோனதால், மாவட்டத்திலேயே அமைதியான பேருந்து அதுவானது. குட்டிப் பிசாசுகள் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தபடி கைகட்டிப் போயின. ஊரும் தன் பங்குக்கு வளைந்து கொடுத்தது. ஜூலை நான்காம் தேதி வாணவேடிக்கை பக்கத்து ஊருக்குப் போனது. மான் வேட்டைக் காலத்தில் துப்பாக்கிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றன. வயலுக்கு மருந்தடிக்கும் விமானக்காரன் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனான். எப்போதாவது விமானம் காரணமில்லாமல் சற்று உயரே ஏறி, கொஞ்ச நேரம் வேகமாகச் சுற்றிவிட்டு, பிறகு மெல்ல இறங்கி வந்தால், மறுநாள் உணவுக்கடையில் பரிமாறும் ஜோலீன் வெர்லினுக்கு முட்டை வைக்கும்போது, "என்ன வெர்லின், நேத்து வானிலை நல்லாயிருந்துதாமே" என்பாள். வெர்லின் காது சிவக்கும். அந்தச் சிவப்பும் வலது மோட்டாரில் கேட்கும். ஊர் இப்படிச் சிரித்தது. ஆர்டித் சிரித்ததில்லை. பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தாள். வலது மோட்டாரின் சத்தம் ஆண்டுக்கு ஆண்டு மெலிவதை அவள் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிப் பல வருஷம் ஓடியது. ஓர் அக்டோபர் காலையில், சோயா அறுக்கிற இயந்திரங்களின் தூசி ஊர் மேல் நின்றபோது, வெர்லின் காப்பிக் கோப்பையை மேசையில் வைக்கப் போய், மேசை இல்லாத இடத்தில் வைத்தார். கோப்பை உடைந்தது. அவரும் அதன் மேலேயே சரிந்தார்.

ஆர்டித் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். போனை வைத்த கையோடு அது அடித்தது. டெல்மர். பங்க் வாசலிலிருந்து கத்தினார்.

"ஆர்டித்! என்ன பண்றீங்க அங்க? வலது மோட்டார் நின்னுபோச்சு! சாஞ்சுக்கிட்டு இறங்குது!"

"வெர்லின் விழுந்துட்டான். கண்ணு தொறக்கல. டெல்மர், மூச்சு விடல!"

"ஐயோ. சரி. சரி, நான் சொல்றதக் கேளு. உன்னோடது தாறுமாறா ஓடுது. அது ஓட ஓட இது வலப்பக்கம் சுருண்டுக்கிட்டு வரும். நீதான் கொறைக்கணும்."

"எதக் கொறைக்கச் சொல்ற?"

"உன்னோடத. பயத்தக் கொறை, ஆர்டித். நீ பயந்தா ரெண்டு பேரும் போயிருவீங்க."

"புருஷன் கீழ கெடக்கான், பயப்படாதங்குற. நீ மனுஷனாடா?"

"இல்லம்மா. நான் இங்க நின்னு அழுவுறேன். இருந்தாலும் நீ கொறை."

அவளால் முடியவில்லை. பல வருஷமாகச் சேர்த்துவைத்த பயம் எல்லாம் அன்றுதான் வட்டியோடு வந்து நின்றது. மேலே இடது மோட்டார் அறுப்பு இயந்திரத்தையும் மீறி அலறியதை வயலில் இருந்தவர்கள் கேட்டு, இயந்திரங்களை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். அப்போது ஆர்டித்துக்கு ஸ்டில்வாட்டர் பாலம் ஞாபகம் வந்தது. எப்போதோ ஒரு ஜனவரியில், கண்ணுக்குத் தெரியாமல் பனி உறைந்த அந்தப் பாலத்தில், முழுப் பேருந்தும் பிள்ளைகளோடு பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியது. வழுக்கும்போது பிரேக்கை மிதித்தால் முடிந்தது கதை. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினாலும் முடிந்தது. காலை எடுத்துவிட வேண்டும், கையைத் தளர்த்திவிட வேண்டும், வண்டி எங்கே போகிறதோ அங்கே கொஞ்ச நேரம் போகவிட வேண்டும். உடம்பில் ஒவ்வொரு நரம்பும் மிதி மிதி என்று கத்தும், மிதிக்கக் கூடாது. அன்று அவள் மிதிக்கவில்லை. பேருந்து தானே நேராகி அக்கரை சேர்ந்தது.

போனைத் தரையில் வைத்தாள். உடைந்த கோப்பைத் துண்டுகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, வெர்லின் பக்கத்தில், சமையலறைத் தரையில், மல்லாந்து படுத்தாள். அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். அதை அழுத்தவில்லை. அன்று பாலத்தில் எடுத்ததுபோல் காலை எடுத்தாள். அவர் போனால் போகட்டும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனசார விட்டாள். அப்படி விடுவதுதான் அவள் வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே கொடூரமானது என்று அவளுக்குத் தோன்றியது. கூரையில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு மூச்சை நீட்டி விட்டாள்.

தரையிலிருந்த போன் பேசிக்கொண்டிருந்தது. "கொறையுது... இன்னும் கொஞ்சம்... சுருளல இப்ப, நேரா வருது. ஆனா எறங்குது. கோபுரத்துக்குக் கீழ வந்துருச்சு. ஓட்டாத, ஓட்டாத, அப்படியே விடு. தபால் ஆபீஸ் கூரை. கரண்ட் கம்பி... தாண்டிருச்சு. ஜோலீன் கடை. அம்மாடி, எட்டிப் புடிக்கிற உயரத்துல வருது, ஒருத்தரும் கிட்டப் போவாதீங்கடா! ஆர்டித்... இரு. இரும்மா. வலது பக்க விசிறி ஒரு சுத்து சுத்துச்சு."

ஆர்டித்துக்குத் தன்னிடமிருந்து ஏதோ ஒன்று உருவப்படுவது தெரிந்தது. வலிக்கவில்லை, ரொம்ப தூரம் நடந்த களைப்பு மட்டும் ஒரேயடியாக வந்து இறங்கியது. அவள் கையிலிருந்த கை அசைந்தது. வெர்லின் இருமி, கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, "யாரு கோப்பைய ஒடச்சது?" என்று கேட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது இருவரும் தரையில் சாய்ந்து உட்கார்ந்து மிச்சக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டித்துக்குக் கை நடுங்கியதால் அவள் கோப்பையை வெர்லின் பிடித்துக்கொண்டிருந்தார்.

விளக்கம் சொன்னவர் டெல்மர்தான். வலது மோட்டாருக்கு வந்த உயிர் வெர்லினுடையது இல்லை. அவருடைய பேட்டரி அன்றோடு தீர்ந்துவிட்டது. வெட்டாமல் விட்ட சிவப்பு வயர் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்திருந்ததால், ஆர்டித்தின் பக்கத்திலிருந்து அது வலதுக்குப் போகிறது. "படிச்சவன்கிட்ட கேட்டா அந்த வயர்ல மோட்டார் ஓடுற அளவு கரண்ட் போவாதும்பான். போவாதுதான். ஆனா போவுது." டாக்டர் ஹாலவே ஜன்னலைத் திறந்துவைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, இரண்டு மோட்டாரும் இப்போது ஒரே சத்தம் என்று ஒப்புக்கொண்டார். அதன்பின் விமானம் பழைய உயரத்துக்கு ஏறவில்லை, சிலுவை உயரத்தோடு நின்றுகொண்டது. ஆர்டித் பேருந்தை விட்டாள். இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள், மத்தியானத்தில் தூங்கினாள், மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டாள். வெர்லினுக்குக் கன்னத்தில் சிவப்பேறியது. படியில் உட்கார்ந்திருக்கும் மனைவியைக் கீழே நின்று பார்ப்பார். அவர் முகத்தில் முதல்முறையாகப் பயம் வந்தது. அதுவரை அந்த வீட்டில் பயம் ஆர்டித்தின் வேலையாக இருந்தது.

அடுத்த புத்தாண்டுக்கு அவர்கள் வயலுக்குப் போனார்கள். எலும்பைத் துளைக்கிற குளிர். ஆர்டித் பானையைக் காரிலிருந்து தூக்கி வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். மேசையில் டெல்மரின் விமானம் ஒன்று தயாராக இருந்தது, வேகமானது, ஒற்றை மோட்டார். அதன் மூக்குக்கு முன்னால், கறி சுடும் குச்சி ஒன்றின் நுனியில், அட்டை வெட்டுகிற கத்தியின் பாதி அலகு சூடான பசையில் ஒட்டப்பட்டிருந்தது. வெர்லின் அவள் முகத்தைப் பார்க்காமல் தூரத்தில் எதையோ பார்த்தார்.

"இது எதுக்கு, டெல்மர்?"

டெல்மர் கையுறையைக் கழற்றினார், மாட்டினார். "இவன்தான் கேட்டான். ரெண்டு மாசமா உயிர வாங்குறான். பக்கத்துல பறந்து, நடுவுல இருக்குற அந்தச் சிவப்பு வயர மட்டும்... நான் முடியாதுன்னுதான் சொன்னேன்."

"சொல்லிட்டு கத்திய ஒட்டினியா?"

"எனக்காக எத்தன நாள் நீ படில உக்காரப் போற?" என்றார் வெர்லின். சத்தமாகத்தான் சொன்னார், மேலே மோட்டார்கள் இரண்டின் சத்தமும் சேர்ந்தே உயர்ந்தது, ஏனென்றால் இரண்டும் அவளுடையவை. "வயர வெட்டிட்டா, நான் போனாலும் நீ உன்னோட மோட்டாரோட இருப்ப. ஒத்த மோட்டார்ல சாயாம எப்படிப் பறக்கறதுன்னு உனக்குத் தெரியும். செஞ்சு காட்டிட்ட. ஒரு வயர வெட்டணும்கறது விதிதானே, ஆர்டித். அன்னிக்கே வெட்டியிருக்கணும். நான் வெட்டல."

"நானும்தான் வெட்டல."

"நீ மறந்துட்ட. நான் உன்மேல கோவத்துல இருந்தேன்."

"நான் மட்டும் உன்னைக் கொஞ்சிக்கிட்டா இருந்தேன்? பிடிவாதக் கழுதை."

சுற்றி நின்றவர்கள் பானையைக் கிளறுவதுபோல் பாவனை செய்தார்கள். ஆர்டித் மேசைக்குப் போனாள். டெல்மரின் பேட்டரி, பறப்பதற்காக சட்டைக்குள்ளிருந்து எடுத்து விமானத்துக்குப் பக்கத்தில் வைத்தது, குளிரில் ஆறிக் கிடந்தது. அதை எடுத்தாள். கோட்டின் பொத்தானைக் கழற்றினாள். குளிர் உள்ளே பாய்ந்தது. பேட்டரியைச் சட்டைக்குள், இடது மார்பில், தோலோடு ஒட்டி வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"சில்லுனு இருக்கு" என்றாள். "சூடாவட்டும்."

அந்த வயலில் நின்ற ஒவ்வொருவருக்கும் புரிந்தது. அவள் மார்பில் சூடான பேட்டரியை இனி எந்த விமானத்தில் சொருகினாலும், அந்த விமானத்திலும் அவள்தான் பறப்பாள். அதை யார் பறக்கவிடுவது? யார் இறக்குவது?

வெர்லின் இரண்டு தட்டுகளை எடுத்து, பன்றிக்கறியும் கோஸும் போட்டு, பெரிய துண்டுகளை அவள் தட்டில் தள்ளி, கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். சிலுவை உயரத்தில் அட்டை விமானம் இடப்பக்கமாக வளைந்து வயலைக் கடந்து ஊர்ப்பக்கம் போனது. டெல்மர் அந்தப் பேட்டரியைத் திருப்பிக் கேட்கவில்லை. மறு வருஷம் பாதுகாப்புச் சோதனையில் சிவப்பு வயரைப் பற்றி எல்லோரையும் கேட்டவர், கணவன் மனைவியாக வந்தவர்களை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்.